டேட்டாபேஸ் வல்லுநர்களின் சனிக்கிழமை வகுப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பழகுவது வேர்ட், எக்ஸெல், பிரவுசர் போன்ற புரோகிராம்களைத்தான். டேட்டாபேஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன், அது பெரிய நிறுவனங்களுக்கு உரியது, நமக்கு எதற்கு என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அப்படி ஒதுங்கிவிட முடியாது. ரயில் டிக்கெட் பதிவு, வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர் பதிவு என நாம் தினமும் பயன்படுத்தும் எல்லாவற்றிற்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இயங்கிக் கொண்டிருக்கிறது. அதனைக் காப்பதற்குச் சிலர் இரவு பகலாக வேலை பார்க்கின்றனர்.

இவர்கள் எங்கே கற்றுக் கொள்கிறார்கள்? கல்லூரியில் படித்தது போதாதா? ஏன் விடுமுறை நாளில் கூட ஒருவருக்கொருவர் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள்? இந்தப் பழக்கத்திலிருந்து வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எடுத்துக் கொள்ளக் கூடியது என்ன? இவற்றை இங்கு பார்க்கலாம்.

உங்களிடமும் டேட்டாபேஸ் உண்டு

ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி. அந்த வரியில் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எனத் தனித்தனிக் கட்டங்கள். இதுபோன்ற பல பட்டியல்களை ஒன்றோடு ஒன்று தொடர்புபடுத்தி, வேண்டிய தகவலை நொடியில் எடுத்துத் தரும் ஏற்பாடே டேட்டாபேஸ். இந்தத் தொடர்பு முறைக்கான அடிப்படையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதற்கான மொழி எஸ்.க்யு.எல். எனப்படுகிறது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இது இருக்கிறது. பயர்பாக்ஸ் பிரவுசர், நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியலை எஸ்.க்யு. லைட் என்ற சிறிய டேட்டாபேஸில்தான் பதிந்து வைக்கிறது. ஆண்ட்ராய்ட் போனில் உள்ள தொடர்பு எண்களும் இதே வகை டேட்டாபேஸில்தான் உள்ளன. இது 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்பவரால் உருவாக்கப்பட்டு, அனைவருக்கும் இலவசமாகத் தரப்பட்டது.

பெரிய நிறுவனங்கள் ஆரக்கிள், மைக்ரோசாப்ட் எஸ்.க்யு.எல். சர்வர், மைஎஸ்க்யுஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய டேட்டாபேஸ்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றைக் கவனித்துக் கொள்பவரே டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். சுருக்கமாக டி.பி.ஏ. என அழைப்பார்கள். பேக்கப் எடுப்பது, வேகம் குறையாமல் பார்த்துக் கொள்வது, யார் எதைப் பார்க்கலாம் என அனுமதி தருவது, பாதுகாப்புக் குறைகளுக்கான பேட்ச் பைல்களை நிறுவுவது ஆகியவை இவரின் முக்கிய வேலைகள். எல்லாம் சரியாக நடக்கும்போது இவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதேனும் தவறு நேர்ந்தால்தான் அனைவரும் இவரைத் தேடுவார்கள்.

படித்தது ஏன் போதுவதில்லை?

எஸ்.க்யு.எல். மொழியின் அடிப்படை பல ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. ஆனால் அதனை இயக்கும் சாப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கிறது. எஸ்.க்யு.எல். சர்வரை மட்டும் எடுத்துக் கொண்டால் 2000, 2005, 2008, 2012, 2014, 2016, 2017, 2019, 2022 எனப் பதிப்புகள் வந்துள்ளன. ஒவ்வொன்றிலும் புதிய வசதிகள் தரப்பட்டன. பழைய வசதிகள் சில நீக்கப்பட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு டி.பி.ஏ.தான் இருப்பார். அவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்க ஆள் இல்லை. கையேட்டில் வசதிகளைப் பற்றி விளக்கமாக எழுதியிருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை, அந்த நிலையை அனுபவித்த இன்னொருவர்தான் சொல்ல முடியும். எனவே ஒரே வேலையைச் செய்பவர்கள் ஒன்று கூடிப் பேசுவது இத்துறையில் அவசியமாகிறது.

சொல்லப்பட்டும் சென்று சேராத செய்தி

அறிந்தவர் சொன்னது அனைவரையும் சென்று சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், எஸ்.க்யு.எல். சர்வர் 2000 தொகுப்பில் ஆபத்தான குறை ஒன்றைக் கண்டுபிடித்தார். மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு அது தெரிவிக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதற்கான பேட்ச் பைல் வெளியானது. அதன் பின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த பிளாக் ஹேட் கருத்தரங்கில் லிட்ச்ஃபீல்ட் இது குறித்து விளக்கிப் பேசினார்.

ஆறு மாதங்கள் கழிந்தன. 2003 ஜனவரி 25 சனிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 11 மணி அளவில், ஸ்லாமர் என்ற வோர்ம் இன்டர்நெட்டில் பரவத் தொடங்கியது. அதன் அளவு 376 பைட்கள் மட்டுமே. பத்து நிமிடங்களுக்குள், இந்தக் குறையுடன் இயங்கிக் கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்திற்கும் மேலானவை பாதிக்கப்பட்டன. எண்ணிக்கையில் இவை 75 ஆயிரத்திற்கும் மேல். தென் கொரியாவில் இன்டர்நெட் பல மணி நேரம் முடங்கியது. அமெரிக்காவில் பேங்க் ஆப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் ஆயிரக்கணக்கில் பணம் தர இயலாமல் நின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சொந்த கம்ப்யூட்டர்கள் சிலவும் பாதிப்பிற்குத் தப்பவில்லை.

தங்கள் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எம்.எஸ்.டி.இ. என்ற சிறிய டேட்டாபேஸ் வேறு பல சாப்ட்வேர் தொகுப்புகளுடன் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகியிருந்தது. அதிலும் இதே குறை இருந்தது. பேட்ச் பைல் தயாராக இருந்தது. கருத்தரங்கில் பேசியாகி விட்டது. ஆனால் மாநாடுகளுக்குச் செல்ல வசதி இல்லாத சாதாரண டி.பி.ஏ.க்களுக்கும், சாதாரண பயனாளர்களுக்கும் அந்தச் செய்தி போதுமான அளவிற்குச் சென்று சேரவில்லை. வோர்மை எழுதியவருக்கோ அது சென்று சேர்ந்துவிட்டது. லிட்ச்ஃபீல்ட் விளக்கத்திற்காகக் காட்டிய மாதிரி கோட் வரிகளே வோர்மிற்கு அடித்தளமாக அமைந்தன எனப் பின்னர் தெரிய வந்தது.

பாஸ் அமைப்பும் சனிக்கிழமை வகுப்பும்

எஸ்.க்யு.எல். சர்வர் பயன்படுத்துவோருக்கென 1999ஆம் ஆண்டில் பாஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ப்ரொபஷனல் அசோசியேஷன் பார் எஸ்.க்யு.எல். சர்வர் என்பதன் சுருக்கமே இது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனமும் இணைந்து இதனைத் தொடங்கி வைத்தன. ஆண்டுதோறும், பெரும்பாலும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இந்த அமைப்பு பெரிய மாநாடு ஒன்றை நடத்தியது. ஊர்தோறும் கிளைக் குழுக்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசின.

மாநாட்டிற்குச் செல்ல ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். அத்துடன் விமான டிக்கெட், தங்கும் செலவு, அலுவலக விடுமுறை ஆகியவையும் உண்டு. நிறுவனம் பணம் தந்தால் மட்டுமே போக முடியும். அறிவு தேவைப்படும் சிறிய நிறுவன டி.பி.ஏ.வால் அந்த இடத்திற்குப் போக முடியாத நிலை.

இதற்கு மாற்று வழி கண்டவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் ஆகிய மூவர். 2007ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் முதல் எஸ்.க்யு.எல். சாட்டர்டே நிகழ்ச்சியை நடத்தினர். இதன் அமைப்பு மிகவும் எளிமையானது.

1. நிகழ்ச்சி சனிக்கிழமை நடக்கும். எனவே யாரும் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2. நுழைவு இலவசம். மதிய உணவுக்கு மட்டும் சில இடங்களில் சிறு தொகை வாங்குவார்கள்.

3. ஏதேனும் ஒரு கல்லூரி அல்லது அலுவலகக் கட்டடத்தில் பல அறைகளில் ஒரே நேரத்தில் வகுப்புகள் நடக்கும். ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எந்த அறைக்குச் செல்வது என்பது உங்கள் விருப்பம்.

4. பேசுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களும் வேறு எங்கோ வேலை பார்ப்பவர்களே. தங்கள் செலவிலேயே பயணம் செய்து வருபவர்களும் உண்டு.

5. செலவை ஸ்பான்சர் நிறுவனங்கள் ஏற்றுக் கொள்ளும். பதிலுக்கு ஒரு மேஜை போட்டுத் தங்கள் சாப்ட்வேர் பற்றி விளக்கலாம்.

6. உள்ளூர்க்காரர்களே தன்னார்வலர்களாக நின்று, நாற்காலி போடுவதிலிருந்து காபி ஊற்றுவது வரை அனைத்தையும் கவனித்துக் கொள்வார்கள்.

இந்த முறை வேகமாகப் பரவியது. 2010ஆம் ஆண்டில் இதனை நடத்தும் பொறுப்பு பாஸ் அமைப்பிடம் தரப்பட்டது. இந்தியா உட்பட உலகின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான சனிக்கிழமைகள் இப்படி வகுப்புகளாயின. இங்கிலாந்திலும் அதே 2007ஆம் ஆண்டில் எஸ்.க்யு.எல். பிட்ஸ் என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அதிலும் சனிக்கிழமை வகுப்புகள் இலவசமாக நடத்தப்பட்டன.

பேசுவதும் ஒரு பயிற்சிதான்

இந்த வகுப்புகளில் பேசுபவர்களுக்கு என்ன லாபம்? பணம் இல்லை. ஆனால் ஒரு பொருளைப் பிறருக்கு விளக்க முயன்றால்தான் நமக்கு அதில் எது சரியாகப் புரியவில்லை என்பது தெரிய வரும். கேட்பவர் எழுப்பும் ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே புதிதாக ஒன்றைக் கற்றுக் கொள்ளலாம். அத்துடன், பலர் முன் நின்று தெளிவாகப் பேசியவரை, அடுத்த வேலைக்கு அழைக்கும்போது நிறுவனங்கள் நினைவில் வைத்திருக்கும்.

முதல் முறை பேசுபவர் உடனே ஒரு மணி நேர வகுப்பிற்குச் செல்ல வேண்டியதில்லை. லைட்னிங் டாக் என்று ஒரு வகை உண்டு. ஐந்து அல்லது பத்து நிமிடங்களில் ஒரே ஒரு கருத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டும். முதலில் உள்ளூர்க் குழுவில் இப்படிப் பேசிப் பழகிய பிறகு, சனிக்கிழமை நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிப்பார்கள். வகுப்பு முடிந்ததும் கேட்டவர்கள் ஒரு தாளில் மதிப்பெண் தந்து, குறைகளையும் எழுதுவார்கள். அடுத்த முறை அவற்றைச் சரி செய்துகொள்ள இது உதவும்.

விளக்கத்திற்குச் சொந்த நிறுவனத்தின் தகவல்களைக் காட்டக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இதற்கென மாதிரி டேட்டாபேஸ்கள் உள்ளன. நார்த்விண்ட் என்பது உணவுப் பொருட்களை விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் டேட்டாபேஸ். அட்வென்சர் ஒர்க்ஸ் என்பது சைக்கிள் தயாரிக்கும் கற்பனை நிறுவனத்தினுடையது. எந்த ஊரில் பேசினாலும் இவையே பயன்படுத்தப்படுவதால், கேட்பவர் வீட்டிற்குச் சென்று அதே எடுத்துக்காட்டைத் தானே செய்து பார்க்க முடியும்.

இவர்கள் பயன்படுத்தும் சாதனம் ஒன்று உங்களுக்கும் உதவும். ஜூம் இட் என்ற சிறிய புரோகிராம் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. இதனை இயக்கிவிட்டு கண்ட்ரோல் + 1 அழுத்தினால், மவுஸ் கர்சர் உள்ள இடம் திரையில் பெரிதாகத் தெரியும். கண்ட்ரோல் + 2 அழுத்தினால் திரை மீதே மவுஸால் கோடு போட்டுக் காட்டலாம். கண்ட்ரோல் + 3 அழுத்தினால் இடைவேளை நேரத்தைக் காட்டும் கடிகாரம் வரும். வெளியே வர எஸ்கேப் கீயை அழுத்த வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும்போது இது மிகவும் பயன்படும்.

தவறையும் மறைக்காமல் பேசுதல்

டேட்டாபேஸ் வல்லுநர்களின் கூட்டங்களில் வெற்றிக் கதைகளை விடத் தோல்விக் கதைகளுக்கே கூட்டம் அதிகம் சேரும். ஒருவருக்கு நேர்ந்தது தனக்கும் நேரலாம் என்ற அச்சமே காரணம். உலகமே பார்க்க நடந்த ஒன்றை இங்கு காணலாம்.

கிட்லேப் என்பது புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் கோட் வரிகளைச் சேமித்து வைக்கும் சேவை. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவு, அங்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்பட்ட ஒரு சிக்கலைச் சரி செய்ய முயன்ற பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய தகவலை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகா பைட்டில் 4.5 கிகா பைட் மட்டுமே மீதமிருந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று தேடியபோதுதான் அடுத்த அதிர்ச்சி. தினமும் எடுக்கப்பட்டதாக நினைத்த பேக்கப், பழைய பதிப்பு புரோகிராம் இயங்கியதால் பல நாட்களாகவே எடுக்கப்படவில்லை. அது குறித்து அனுப்பப்பட்ட எச்சரிக்கை மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன், சோதனைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு நகல்தான் காப்பாற்றியது. சேவை மீண்டும் இயங்கப் பதினெட்டு மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரத்தில் பதியப்பட்ட தகவல்கள் திரும்பவில்லை. சுமார் 700 புதிய பயனாளர்களின் கணக்குகளும் இதில் அடங்கும். கோட் வரிகள் வேறு இடத்தில் இருந்ததால் அவற்றிற்குப் பாதிப்பு இல்லை.

நிறுவனம் இதனை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூ டியூப்பில் நேரடியாக ஒளிபரப்பியது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், தவறு செய்தவரின் பெயரைக் குறிப்பிடாமல், எந்தெந்த ஏற்பாடுகள் ஏன் செயல்படவில்லை என்பதை வரிசையாக விளக்கியது. அதனைப் படித்த பலர் தங்கள் சர்வர்களில் பேக்கப் உண்மையிலேயே எடுக்கப்படுகிறதா எனச் சோதித்துப் பார்த்தனர். ஒருவரின் கெட்ட இரவு, பலருக்குப் பாடமானது.

அமைப்பு மூடப்பட்டது, வகுப்பு நிற்கவில்லை

2020ஆம் ஆண்டு கொரோனா தொற்று வந்ததும் நேரடிக் கூட்டங்கள் நின்றன. பாஸ் அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி ஆண்டு மாநாட்டுக் கட்டணத்திலிருந்தே வந்து கொண்டிருந்தது. மாநாட்டை ஆன்லைனில் நடத்தியும் பற்றாக்குறையைச் சமாளிக்க முடியவில்லை. 2021 ஜனவரி 15 அன்று அமைப்பு தன் செயல்பாட்டினை நிறுத்திக் கொண்டது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்த வகுப்புப் பதிவுகள் என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரெட்கேட் நிறுவனம் பாஸ் அமைப்பின் சொத்துகளை வாங்கி, மாநாட்டினைத் தொடர்ந்து நடத்தத் தொடங்கியது. எஸ்.க்யு.எல். சாட்டர்டே, லாப நோக்கமற்ற தனி அமைப்பின் கீழ் வந்தது. டேட்டா சாட்டர்டேஸ் என்ற பெயரிலும் சில தன்னார்வலர்கள் நிகழ்ச்சிகளைத் தொடங்கினர். பெயர்ப் பலகை கழற்றப்பட்ட பின்னரும் வகுப்புகள் தொடர்ந்ததற்குக் காரணம், அந்தந்த ஊரில் நாற்காலி போட்டவர்களும் பேசியவர்களும் அங்கேயே இருந்ததுதான். அதே நேரத்தில் ஒரே வருமானத்தை நம்பிய அமைப்பு, அது நின்றதும் நிலைகுலைந்துவிடும் என்பதும் தெளிவானது. பேக்கப் எடுப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொன்ன அமைப்புக்கு, அதன் வருமானத்திற்கு ஒரு பேக்கப் இல்லாமல் போயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

இந்த வல்லுநர்கள் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் பகிர்ந்து கொண்ட பாடங்களில், வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்துபவை இங்கு தரப்படுகின்றன.

1. பேக்கப்பைத் திறந்து பாருங்கள்: போட்டோக்களையும் முக்கிய பைல்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்ததுடன் வேலை முடிந்துவிடாது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, அதிலிருந்து சில பைல்களை வேறு ஒரு போல்டருக்குக் கொண்டு வந்து திறக்கிறதா எனச் சோதிக்கவும். கடைக் கணக்கு எழுதும் புரோகிராம் வைத்திருப்பவர்கள், பேக்கப் பைலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பார்ப்பது நல்லது. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

2. மூன்று நகல்கள்: முக்கிய பைல்களுக்கு மொத்தம் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். உறவினர் வீட்டில் வைத்த டிஸ்க்கும் போதும்.

3. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்: ஸ்லாமர் வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே மருந்து தயாராக இருந்தது. விண்டோஸ் அப்டேட் வேண்டும் எனக் கேட்கும்போது அந்த நிகழ்வை நினைத்துக் கொள்ளுங்கள்.

4. என்ன இருக்கிறது எனத் தெரிந்து கொள்ளுங்கள்: கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகியுள்ள புரோகிராம்களின் பட்டியலை செட்டிங்ஸ் பிரிவில் அவ்வப்போது பார்க்கவும். பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடவும்.

5. டேட்டாபேஸ் கற்க விரும்பினால்: எஸ்.க்யு.எல். சர்வரின் எக்ஸ்பிரஸ் மற்றும் டெவலப்பர் பதிப்புகள், போஸ்ட்கிரெஸ், லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள பேஸ் புரோகிராம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னே கூறிய மாதிரி டேட்டாபேஸ்களில் ஒன்றை எஸ்.க்யு.எல். சர்வரில் ஏற்றி, அதில் பழகத் தொடங்கலாம். எவ்வளவு தவறு செய்தாலும் கற்பனை நிறுவனம்தானே பாதிக்கப்படும்!

6. ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு செயலை, பத்து நிமிடத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கோ உறவினருக்கோ விளக்கிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக் கொண்டு பதில் தேடுங்கள்.

இந்த ஆறில் முதலாவதற்கு அரை மணி நேரம் போதும். இந்தச் சனிக்கிழமையே உங்கள் பேக்கப் டிஸ்க்கை எடுத்து இணைத்து, ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலப் பைல் பத்திரமாக இருக்கும்போதே தெரிந்து கொண்டீர்கள். உடனே புதிய நகல் எடுத்துவிடலாம்.